முள்ளுச் சங்கு: கழிவுக் குவியலிலிருந்து அலமாரி வரை

கடலூர் துறைமுகத்தில் விசைப்படகு அணைந்ததும் இறால், கணவாய், சங்கரா எல்லாம் ஆளுக்கொரு கூடையாகப் பிரிந்து போய்விடும். கடைசியில் தரையில் கொட்டுவது கழிவு. மீன்தூளுக்கும் கோழித் தீவனத்துக்கும் போகிற அந்தக் குவியலில், பொடிக் காரலுக்கும் நண்டுக் குஞ்சுக்கும் நடுவே, நீண்ட வாலும் சுற்றிலும் முள்ளுமாக ஒரு சங்கு கிடக்கும். முரெக்ஸ். படகில் இருப்பவர்களுக்கு இது பிடிக்காத பொருள். வலையைப் பிடித்துக்கொண்டு விடாது, காலில் குத்தினால் புண் ஆறச் சுணங்கும். நண்டு வலையில் ஏறினால் தடியால் ஒரே போடு. முள்ளை நொறுக்கி உதறுவதுதான் கண்ணியை அறுக்காமல் காப்பாற்றும் வழி. அவர்கள் கணக்குப்படி அது நியாயமும்கூட.

சங்கு சேர்ப்பவருக்குக் கணக்கு வேறு. முள் முழுசாக இருக்கிற முரெக்ஸ் எளிதில் அமையாது. கிடைத்ததையும் பாதிப்பேர் வீட்டுக்கு வந்தபின் கொதிக்கும் தண்ணீரிலும் கழிப்பறை ஆசிட்டிலும் போட்டுக் கெடுக்கிறார்கள். முள் எப்படி உண்டாகிறது என்று தெரிந்துகொண்டால் எதைச் செய்யலாம், எதைச் செய்யக்கூடாது என்பது தானாகவே விளங்கிவிடும்.

முதலில் எது எது என்று பார்ப்போம். நம் பக்கத்து இழுவலையில் அதிகம் வருவது முரெக்ஸ் டிராபா. 1798-இல் ரோடிங் பெயரிட்டது. 7 முதல் 10 சென்டிமீட்டர் நீளம், சாம்பலும் பழுப்பும் கலந்த நிறம், முள் குட்டை, எண்ணிக்கையும் குறைவு. வாலின் கீழ்ப்பகுதி முள்ளில்லாமல் வழுவழுவென்று இருக்கும். படங்களில் பார்த்து எல்லோரும் ஆசைப்படுவது முரெக்ஸ் பெக்டன், அதாவது வீனஸ் சீப்பு. 1786-இல் லைட்ஃபூட் பெயரிட்டது. 10 முதல் 15 சென்டிமீட்டர் வரை வளரும். நூற்றுக்கும் மேற்பட்ட முட்கள் வால் நுனி வரை நெருக்கமாக, லேசாக வளைந்து நிற்கும். இரண்டையும் பக்கத்தில் வைத்துவிட்டால் குழப்பமே வராது. ஆனால் முள் உடைந்த பெக்டனை டிராபா என்று விற்பதும், நல்ல டிராபாவைப் பெக்டன் என்று விலை ஏற்றுவதும் நடக்கிறது. உடைந்த முள்ளுக்கும் அடிக்கட்டை இருக்கும். வாலில் அந்தக் கட்டைகளை எண்ணிப் பாருங்கள். வால் முழுக்க நெருக்கமாக இருந்தால் பெக்டன்.

தவளைச் சங்கையும் முரெக்ஸ் என்று எடுத்துக்கொண்டு வருபவர்கள் உண்டு. அதிலும் முள் இருக்கிறது, அதே சேற்றிலிருந்துதான் வருகிறது. வேறுபாடு வரம்பில். வளர்ச்சி நின்ற இடத்தில் ஓட்டில் தடித்து எழும் மேட்டைத்தான் வரம்பு என்கிறேன். சங்கை உச்சியிலிருந்து பாருங்கள். முரெக்ஸுக்கு ஒரு சுற்றுக்கு மூன்று வரம்பு, ஏறத்தாழ 120 பாகை இடைவெளியில். தவளைச் சங்குக்கு இரண்டு, இடமும் வலமும் எதிரெதிராக. அதனால் தட்டையாக அமுக்கினதுபோல் இருக்கும். நீண்ட வால் உண்டு, வாலில் முள் இல்லை, உடம்பு உருண்டை என்றால் அது முரெக்ஸின் உறவான ஹாஸ்டெல்லம் என்னும் சங்காக இருக்கலாம். அதற்கும் மூன்று வரம்பு உண்டு. வரம்பே இல்லாமல், உச்சி தட்டையாக, நடுவில் ஒரு குமிழ் மட்டும் துருத்திக்கொண்டு இருந்தால் கையை எடுத்துவிடுங்கள். அது டுடிக்லா. 2001-இல் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் சேர்க்கப்பட்ட சங்கு அது. 2022 திருத்தத்தில் அட்டவணைகளையே மாற்றி அடுக்கியிருக்கிறார்கள். ஆகவே எந்தச் சங்கானாலும் காசு கொடுப்பதற்கு முன் இப்போதைய பட்டியலை ஒருமுறை பார்த்துவிடுவது நல்லது.

இனி முள். முரெக்ஸ் தினமும் கொஞ்சம் கொஞ்சமாக வளர்வதில்லை. நீண்ட நாள் சும்மா இருந்துவிட்டு, மூன்றில் ஒரு சுற்றை ஒரே மூச்சில் கட்டி, அதன் ஓரத்தில் வரம்பு எழுப்பி, வரம்பின் மேல் முள்வரிசையை வைத்து நிறுத்திவிடும். அடுத்த மூச்சு வரும்வரை அந்த வரம்புதான் வாசல். சங்கின் வாய்ப்பக்கம் எப்போதும் முள்வரிசையில் முடிவது இதனால்தான். இரண்டு வரம்புக்கு நடுவே வாய் விளிம்பு மெல்லிசாக முடிந்திருந்தால், வளர்ந்துகொண்டிருக்கும்போதே வலையில் மாட்டியது என்று அர்த்தம். அந்த விளிம்பு நகம் பட்டாலே பொடியும்.

ஓட்டைச் சுரப்பது உடலைப் போர்த்தியிருக்கும் மெல்லிய போர்வைத் தசை. 2013-இல் ஷிரா, மோல்டன், கோரியலி ஆகியோர் இதற்கு ஒரு இயந்திரவியல் விளக்கம் தந்தார்கள். போர்வையின் ஓரம், தான் ஒட்டியிருக்கும் ஓட்டின் விளிம்பைவிட வேகமாக நீண்டுவிட்டால், மிஞ்சிய நீளத்துக்கு இடமில்லாமல் மடிந்து எழும்பும். அந்த மடிப்பின் மேலேயே சுண்ணாம்பு படியும். மேலும் நீள மேலும் மடியும். மடிப்பு கூராகி முள்ளாகும். எங்கே முள் வரவேண்டும் என்று ஒவ்வொன்றுக்கும் தனித்தனியாகத் திட்டம் தேவையில்லை; வளர்ச்சி வேகமும் தசையின் விறைப்பும் போதும். ஒன்றுக்கொன்று உறவில்லாத பல சங்கினங்கள் முள்ளை எப்படித் திரும்பத் திரும்பக் கண்டுபிடித்தன என்பதற்கும் இது பதில்.

இதிலிருந்து கைக்கு உதவும் இரண்டு விஷயங்கள் கிடைக்கின்றன. ஒன்று, முள் கெட்டியான குச்சி அல்ல. மடிப்பில் வார்த்தது என்பதால் வாய்ப்பக்கம் நீள ஒரு பள்ளம் ஓடும். சேறும் உப்பும் போய் உட்காருவது அந்தப் பள்ளத்தில். பிரஷ் போட்டால் முள் முறியும், பள்ளமும் சுத்தமாகாது. ஊசி கழற்றிய 20 மில்லி சிரிஞ்சில் தண்ணீர் நிரப்பி, முள்ளின் அடியிலிருந்து நுனி நோக்கிப் பீய்ச்ச வேண்டும். இரண்டு, முள் எல்லாம் வரம்பில்தான். வரம்புகளுக்கு இடைப்பட்ட மூன்று பட்டைகளும் வெறுமையாக இருக்கும். கட்டைவிரல், ஆள்காட்டி விரல், நடுவிரல் மூன்றையும் அந்த மூன்று பட்டையில் வைத்துப் பிடித்தால் எந்த முள்ளையும் தொடாமல் சங்கைத் திருப்பலாம். வாலைப் பிடித்துத் தூக்குவதுதான் பெரும்பாலும் எல்லோரும் செய்வது. வால் என்பது தண்ணீரை உள்ளே இழுக்கும் குழல், உள்ளே பொள்ளல். முதலில் முறிவது அதுதான்.

வளரும்போது இன்னொரு சிக்கல் இருக்கிறது. ஒரு சுற்று முடிந்து புதிய ஓடு வரும் பாதையில் பழைய முள்வரிசை குறுக்கே நிற்கும். நத்தை அதைக் கரைத்து வழி செய்துகொள்ளும். தான் கட்டியதைத் தானே கரைக்கத் தெரிந்த பிராணி. அந்தத் திறமையை இரை பிடிக்கவும் வைத்திருக்கிறது.

முள் எதற்கு? நசுக்கித் தின்னும் மீனுக்கும் நண்டுக்கும் எதிராக என்பதுதான் வலுவான பதில். 1979-இல் ரிச்சர்ட் பால்மர், முள் உள்ள சங்குகளையும் முள்ளை அராவி எடுத்த சங்குகளையும் முள்ளம்பேத்தை மீனுக்குக் கொடுத்துப் பார்த்தார். முள் போனவை எளிதில் நொறுங்கின. முள் இருந்தால் சங்கின் பருமன் கூடுகிறது, வாய்க்குள் அடங்காது. அடங்கினாலும் கடியின் விசை பரவிப்போகிறது. சேற்றில் அமிழாமல் தாங்கவும் முள் உதவும் என்று சொல்வதுண்டு. நீளமுள் இனங்கள் மென்மையான தரையில் வாழ்வதைப் பார்த்தால் பொருத்தமாகவே தெரிகிறது. ஓட்டுக்கும் தாடைக்குமான இந்தப் போட்டியைப் பற்றி ஆயுள் முழுக்க எழுதியவர் கீரத் வெர்மெய். சிறுவயதிலேயே பார்வை இழந்தவர். சங்குகளை விரலால் தடவியே படித்தார். ஆறிய வடு, மறுபடி வளர்ந்த விளிம்பு, நண்டு கிள்ளிய பள்ளம் எல்லாம் விரலுக்கு நன்றாகவே தட்டுப்படும். கண்ணை மூடிக்கொண்டு ஒரு முரெக்ஸை ஐந்து நிமிடம் தடவிப் பாருங்கள்.

முரெக்ஸின் இரை பெரும்பாலும் மட்டி. காலின் அடியில் துளையிடும் உறுப்பு ஒன்று இருக்கிறது. அதை மட்டியின் ஓட்டில் ஒட்டவைத்து அமிலம் கலந்த சுரப்பால் சுண்ணாம்பை இளக்கும். பிறகு அதை எடுத்துவிட்டுத் துதிக்கையை நீட்டி, ராடுலா என்னும் அரநாக்கால் இளகியதைச் சுரண்டும். மறுபடி உறுப்பு, மறுபடி நாக்கு. அமெரிக்கச் சிப்பி துளைப்பான் என்னும் நத்தையை வைத்து மெல்பர்ன் கேரிக்கர் பல பத்தாண்டுகள் ஆராய்ந்து இந்த மாறிமாறி நடக்கும் வேலையை விளக்கினார். நேரம் முழுக்கச் சுரப்புக்குத்தான் போகிறது, சுரண்டுவது கொஞ்சநேரம். 2 மில்லிமீட்டர் கனமான ஓட்டுக்குள் போகச் சில நாள்கள்கூட ஆகும். துளை விழுந்ததும் துதிக்கை உள்ளே போகும்.

இதன் தடயத்தைப் பார்க்க ஆழ்கடலுக்குப் போக வேண்டாம். தேவனாம்பட்டினம் வெள்ளிக் கடற்கரையில் ஒரு கைப்பிடி மட்டி ஓடு பொறுக்கினால் போதும், ஓட்டை விழுந்தவை அகப்படும். துளையின் வெளிவாய் அகன்று உள்நோக்கிச் சரிந்து குறுகினால், மட்டியைத் துளைத்துத் தின்னும் இன்னொரு பிராணியான நிலா நத்தையின் வேலை. சுவர் நேராக இறங்கினால் முரெக்ஸ் குடும்பத்தில் ஏதோ ஒன்று. கரையில் கிடைப்பது அநேகமாக அதன் சின்னச் சொந்தக்காரர்களின் வேலையாகத்தான் இருக்கும். பாதியில் விட்ட துளை கிடைத்தால் இன்னும் தெளிவு: நிலா நத்தையின் பாதித் துளையில் நடுவே மேடு நிற்கும், முரெக்ஸ் துளையின் அடியில் மேடு இருக்காது. மாலை கோக்க யாரோ போட்ட துளை என்று நினைத்து ஆச்சரியப்படுபவர்கள் ஏராளம்.

ஊதாச் சாயத்தையும் இங்கேயே முடித்துவிடுகிறேன். நத்தையின் போர்வைக்குள் ஒரு சுரப்பி. அதன் சாறு முதலில் நிறமில்லாமல் இருந்து, காற்றும் வெயிலும் பட்டு மஞ்சள், பச்சை, நீலம் கடந்து ஊதாவாகும். கூடவே அழுகிய பூண்டு நாற்றம். 1909-இல் பால் ஃப்ரீட்லாண்டர் மத்தியதரைக் கடலின் 12,000 முரெக்ஸ்களிலிருந்து எடுத்தது 1.4 கிராம் சாயம். அது புரோமின் ஏறிய இண்டிகோ என்று காட்டியவரும் அவரே. இந்த எண்ணிக்கையை மனதில் வைத்துக்கொண்டு அரிக்கமேட்டுக்கு வாருங்கள். 1945-இல் தொல்லியலாளர் வீலர் தோண்டிய இடத்துத் தொட்டிகளைத் துணிச்சாயத்தோடு சேர்த்துப் பேசினார்கள். அதைச் சிலர் முரெக்ஸ் ஊதாவோடு முடிச்சுப் போடுகிறார்கள். ஊதாச் சாயம் எடுத்த ஊருக்கு அடையாளம் தொட்டி அல்ல, நொறுக்கிய சங்குமேடு. லெபனானின் சிடோனில் அப்படி ஒரு மேடே இருக்கிறது. மேட்டைக் காட்டிவிட்டு முடிச்சுப் போடட்டும்.

சேகரிப்பவருக்கு இந்தச் சாறு ஒரு தொல்லை மட்டுமே. நசுங்கிய நத்தையை வெயிலில் வைத்தால் வாய் விளிம்பில் ஊதாக் கறை ஏறிவிடும், பிறகு போகாது. ஆகவே கொண்டுவந்த அன்றைக்கே நிழலில் வேலையைத் தொடங்க வேண்டும்.

எடுக்கும் இடத்திலேயே மூன்று சோதனை. மூடி இருக்கிறதா? பழுப்பு நிறக் கொம்புத்தகடு வாயை அடைத்திருந்தால் உள்ளே இருப்பது நத்தை. நண்டுக்கால் தெரிந்தால் துறவி நண்டு. அந்த ஓடு தரையில் இழுபட்டு முனை மழுங்கியிருக்கும், விட்டுவிடலாம். வால் நுனி முழுசா? கடைசி வரம்பின் முள் முழுசா? மற்ற முட்களில் ஒன்றிரண்டு போனால் பரவாயில்லை. அப்புறம் படகுக்காரரிடம், “அண்ணே, எத்தனை பாகத்துல பாடு போட்டீங்க?” என்று கேட்டுக் குறித்துக்கொள்ளுங்கள். ஒரு பாகம் ஏறக்குறைய 6 அடி. ஆழமும் இடமும் தேதியும் இல்லாத சங்கு வெறும் அலங்காரப் பொருள்தான். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் இழுவலைத் தடைக்காலம். அப்போது துறைமுகத்துக்குப் போய்ப் பயனில்லை. ஃபைபர் படகுகளின் நண்டு வலையைப் பார்க்கலாம், கரைக்கு அருகிலான சரக்குத்தான் இருக்கும். வலையில் சிக்கியதைக் கழற்ற, சங்கை இழுக்காமல் கண்ணியை ஒவ்வொரு முள்ளின் நுனி வழியாகத் தூக்கி எடுக்க வேண்டும். கடைசியாகச் சிக்கிய முள்ளிலிருந்து தொடங்கினால் சீக்கிரம் வரும்.

சதையை எடுக்க இரண்டு வழி: வேகவைப்பது, உறையவைப்பது. டிராபாவுக்கு எது வேண்டுமானாலும் செய்யலாம். பெக்டனுக்கு உறையவைப்பதே சரி. வேகவைப்பதானால் பச்சைத் தண்ணீரில் சங்கைப் போட்டுச் சின்னத் தீயில் சூடேற்றி, கொதி வந்தபின் 5 நிமிடம், பிறகு அடுப்பை அணைத்து அந்தத் தண்ணீரிலேயே ஆறவிட வேண்டும். கொதிக்கும் தண்ணீரில் நேரே போட்டாலும், எடுத்ததும் குழாயடியில் காட்டினாலும் ஓட்டில் மயிரிழை வெடிப்பு விழும். கொதி வேகமாக இருந்தால் சங்கு பாத்திரத்தில் முட்டி முட்டியே முள் போய்விடும். அடியில் பழைய துணி ஒன்றை மடித்துப் போடுங்கள்.

உறையவைக்கப் பிளாஸ்டிக் பை ஆகாது, முள் கிழித்துவிடும். டப்பாவில் ஈரத் திசுத்தாளைப் பரப்பி, வாய் கீழே பார்க்கச் சங்கை வைத்து, முதலில் ஒரு இரவு ஃபிரிட்ஜின் கீழ்த்தட்டில். உள்ளே தேங்கிய தண்ணீர் வடிந்துவிடும். வடியாவிட்டால் உறையும்போது விரிந்து ஓட்டைத் தள்ளும். பிறகு மூன்று நாள் ஃப்ரீசரில், மறுபடி ஒரு நாள் கீழ்த்தட்டில். இதை இரண்டு தடவை செய்தால் தசை ஓட்டைவிட்டு நெகிழ்ந்துவிடும். வளைத்த பின்னூசியைச் சதையில் கோத்துப் பிடித்துக்கொண்டு, ஊசியை இழுக்காமல் சங்கைச் சுழற்ற வேண்டும். வாய் உங்களைப் பார்க்க இருக்கும்போது சதை இடஞ்சுழியாக, சாதாரணத் திருகாணி கழலும் திசையில், வெளியே வரும். அவசரப்பட்டு இழுத்தால் பாதியில் அறுந்துவிடும். அறுந்தால் மேல்சுற்றில் தங்குவது ஈரல்பகுதி, நாற்றத்துக்கெல்லாம் மூலம் அதுதான்.

அறுந்துவிட்டால் வாய்வரை தண்ணீர் நிரப்பி, தினமும் மாற்றி, சிரிஞ்சால் பீய்ச்சிக்கொண்டே இருக்க வேண்டும். வீடு தாங்காது, மொட்டைமாடிதான் இடம், காக்காய்க்கு எட்டாமல் கூடை கவிழ்த்து. மண்ணில் புதைக்கச் சொல்பவர்கள் உண்டு. செம்மண் கறை ஏறும், அழுகும் சாறு பளபளப்பை அரிக்கும், தோண்டும்போது முள் போகும். கடைசி வாடைக்குச் சோடியம் ஹைப்போகுளோரைட் திரவத்தை ஐந்து பங்கு தண்ணீரில் கலந்து உள்ளே ஊற்றிச் சிலமணிநேரம் வைத்துக் கழுவலாம். அது கரிமப்பொருளைத் தின்னும், சுண்ணாம்பைத் தொடாது. பிளீச்சிங் பவுடர் வேண்டாம், பள்ளங்களில் வெள்ளையாகப் படிந்துவிடும். கழிப்பறை ஆசிட் பக்கமே போகாதீர்கள்: சங்கு முழுக்கக் கால்சியம் கார்பனேட். ஆசிட்டில் முதலில் காணாமல்போவது மெல்லிய பொருள், அதாவது முள்நுனி. வினிகரும் எலுமிச்சையும் அதே வேலையை மெதுவாகச் செய்யும். ஹைப்போகுளோரைட்டோடு ஆசிட் கலந்தால் குளோரின் வாயு வரும் என்பதையும் சொல்லிவிட வேண்டும்.

கடைகளில் கண்ணாடிபோல மின்னும் முரெக்ஸ் ஆசிட்டில் முக்கி எடுத்தது. முள்நுனி எல்லாம் ஒரேமாதிரி உருண்டையாக இருந்தால் சந்தேகமே வேண்டாம். ஒட்டவைத்த முள்ளைக் கண்டுபிடிக்கப் புறஊதா டார்ச் போதும். பல பசைகள் அதில் நீலமாக ஒளிரும்.

கழுவி முடித்தபின் நல்ல தண்ணீரில் இரண்டு நாள் ஊறவைத்து உப்பை எடுத்து, நிழலில் முழுக்க உலர்த்துங்கள். மெருகுக்குத் தேங்காயெண்ணெய் தடவும் பழக்கம் இங்கே அதிகம். அது சிக்குவாடை அடித்து மஞ்சளாகித் தூசியை இழுக்கும். மருந்துக்கடையில் கிடைக்கும் லிக்விட் பாரஃபின் ஒரு துளி, மென்மையான தூரிகையில் தொட்டு, வரம்புகளுக்கு இடையே மட்டும்.

வைக்கும் இடத்தில்தான் புதுச்சேரிக்காரர்களும் கடலூர்க்காரர்களும் அதிகம் ஏமாறுவது. கண்ணாடிக் கதவு போட்ட பிளைவுட் அலமாரியில் வைத்த சங்கு, ஐப்பசி கார்த்திகை ஈரம் இரண்டு தடவை பட்டதும் மேலே வெள்ளைப்பொடி பூக்கும். பூஞ்சை என்று துடைப்பார்கள், மறுபடி வரும். 1899-இல் லாஃப்டஸ் பைன் இதை விவரித்தபோது கிருமி என்று நினைத்தார். பைன் நோய் என்ற பெயர் நிலைத்துவிட்டது. உண்மையில் மரம், பிளைவுட், அட்டை இவற்றிலிருந்து கசியும் அசிட்டிக், ஃபார்மிக் அமில ஆவி, காற்றின் ஈரத்தோடு சேர்ந்து சுண்ணாம்பை உப்பாக மாற்றுகிறது. அலமாரியைத் திறந்ததும் லேசான காடி வாசனை வந்தால் காரணம் அதுதான். பொடி பூத்ததைத் தண்ணீரில் பலமுறை ஊறவைத்து உலர்த்தினால் மேலும் பரவாது, அரித்த இடம் திரும்பாது. ஸ்டீல் பீரோ, கண்ணாடி, பாலிப்ரொப்பிலீன் டப்பா, உள்ளே சிலிக்கா ஜெல்: இவைதான் பாதுகாப்பு. ஜெல்லை நிறம் மாறியதும் சூடாக்கி மறுபடி பயன்படுத்தலாம்.

மூடியைத் தூக்கிப் போடாதீர்கள். பஞ்சை உருட்டி வாய்க்குள் செருகி, அதன் மேல் மூடியை ஒட்டிவிட்டால் இரண்டும் பிரியாது. ஆனால் வெளியே முள்ளுக்குப் பஞ்சு கூடவே கூடாது, இழை சுற்றிக்கொண்டு எடுக்கும்போது முறிக்கும். வெளியூர் அனுப்பும்போது திசுத்தாளைத் தளர்வாக முறுக்கி முள்வரிசைகளுக்கு நடுவே உள்ள மூன்று பட்டைகளிலும் நிரப்பி, அது முள்நுனியைவிட உயர்ந்தபின் மேலே ஒரு சுற்று, பிறகு கெட்டியான டப்பா, அந்த டப்பாவைச் சுற்றி எல்லாப் பக்கமும் நான்கு விரல் இடம்விட்டு இன்னொரு பெட்டி. எடை பட்டைகளில் இறங்க வேண்டும், முள்ளில் இறங்கக் கூடாது. சீட்டில் இனம், இடம், எத்தனை பாகம், எந்த வலை, தேதி எழுதி உள்டப்பாவில் போடுங்கள். சங்கின் வாய்க்குள்ளும் அதே எண்ணை இந்திய மையால் சின்னதாக எழுதிவிட்டால், சீட்டு தொலைந்தாலும் பதிவேட்டில் தேடிக்கொள்ளலாம்.